30 வருஷம் ஆனாலே 'எச்' பிளேட் வந்துவிடாது

"ஜெர்மனியில் 30 வருஷம் தாண்டிய அமெரிக்க பிக்கப் என்றால் 'எச்' பிளேட் தானாகக் கிடைக்கும், சுங்கமும் இல்லை, வரியும் இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ('எச்' பிளேட் என்பது பழமையான வண்டிகளுக்கு அங்கே தரும் சிறப்பு நம்பர் பிளேட்.) அவர் சொன்னது பாதிதான் சரி.

வயது முதல் நிபந்தனை மட்டும்தான், அதையும் முதல் பதிவு நாளிலிருந்து எண்ணுவார்கள். அப்புறம், வண்டி பெரும்பாலும் அசலாகவும் நல்ல நிலையிலும் இருக்கிறது என்று நிபுணர் சான்று தர வேண்டும். 1967 ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பில் ஷெவர்லேயின் இந்தக் காலத்து எல்எஸ் எஞ்சினை ஏற்றினால் பார்க்க ஜோராகத்தான் இருக்கும் (ஃபோர்டுக்குள் ஷெவர்லே எஞ்சினா என்று சண்டையும் வரும்). ஆனால் சான்று கிடைப்பது கஷ்டம். அந்தக் காலத்திலேயே வழக்கத்தில் இருந்த மாற்றங்கள் என்றால் ஏற்பார்கள்.

வரி பூஜ்யம் இல்லை. 'எச்' பிளேட் இருந்தால், எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் ஆண்டுக்கு 191.73 யூரோ. காருக்கு இது பெரிய லாபம். சாதாரண பிளேட்டில் சரக்கு வண்டியாகப் பதிவான சிறிய பிக்கப்புக்கோ எடையை வைத்து வரி. அது சில சமயம் இதைவிடக் குறைவாகவே வரும்! அப்படிப்பட்டவர்களுக்கு 'எச்' பிளேட்டின் உண்மையான பயன், மாசுக் கட்டுப்பாட்டு மண்டலங்களுக்குள் குறைந்த மாசு வண்டிகளுக்குத் தரும் பச்சை ஸ்டிக்கர் இல்லாமல் ஓட்டலாம் என்பதே.

சுங்கமும் அப்படித்தான். சேகரிப்புப் பொருள் என்று ஏற்றுக்கொண்டால் சுங்கம் இல்லை, இறக்குமதி வாட் 7 சதவீதம். சேஸிஸ், எஞ்சின், பிரேக் எல்லாம் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய பெட்ரோல் எஞ்சின் பிக்கப்புக்கு 22 சதவீத சுங்கம், அதன் மேல் 19 சதவீத வாட்.