முற்றுப்புள்ளியை லிங்க்குக்குள்ள திணிக்காதீங்க!

முற்றுப்புள்ளி வாக்கியத்தோடது. லிங்க்கோடது இல்லை. இதுகூடப் புரியாம நீலகிரியில எத்தனை காட்டேஜ்காரங்க வெப்சைட் வச்சிருக்காங்க!

2024 மே 7-லேர்ந்து வெளியூர் வண்டிக்கு இங்க இ-பாஸ் கட்டாயம், ஐகோர்ட் உத்தரவு. 2025 சீசன்ல வார நாளுக்கு 6000 வண்டி, சனி ஞாயிறுக்கு 8000-னு உச்சவரம்பும் வச்சாங்க. அப்போ பாஸ் எடுக்கிற இணைய முகவரியை எவ்வளவு கவனமா போடணும்? முகவரியோட வால்ல ஒரு சின்னக் கோடு (-), அதை ஒட்டி "இல்", அப்புறம் புள்ளி, எல்லாத்தையும் சேர்த்து நீலக்கலர் அடிச்சு வச்சிருக்காங்க. அந்த "இல்" ஒட்டின உடனே தளத்தோட பேரே மாறிடுது. தட்டினா தளம் கிடைக்கலைன்னு வருது. கல்லார் செக்போஸ்ட்ல கைக்குழந்தையோட நிக்கிற குடும்பம் இதுக்கு என்ன பண்ணும்?

இணைய முகவரிக்கான விதி 2005-லயே எழுதியாச்சு, ஆர்எஃப்சி 3986-ங்கிற தரநிலை ஆவணத்துல. அதன்படி புள்ளியும் காற்புள்ளியும் வளைவு அடைப்புக்குறியும் முகவரிக்குள்ள வரலாம். அதனால கடைசியில நிக்கிற புள்ளி யாரோடதுன்னு மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும். சில செயலிகள் தானாவே வெட்டிடும். நீங்களே கைப்பட உள்ள வச்சுப் பூட்டினா எது வெட்டும்? முகவரியைக் கோண அடைப்புல (< >) தனியா பிரிச்சுக் காட்டுங்கன்னு அதே ஆவணம் சொல்லுது. யார் படிச்சாங்க?

முகவரி சரியா இருந்தாலும் கண்ணுக்கு வேதனைதான். மேற்கோள் குறி திறக்கிறது கறுப்புல, மூடுறது நீலத்துல. "குன்னூர் ரயில் நிலையத்" வரைக்கும் லிங்க், "திலிருந்து" மட்டும் வெளிய தொங்குது. தமிழ்ச் சொல்லை அப்படி நடுவுல அறுக்காதீங்க, முழுச் சொல்லும் உள்ள வரட்டும். அடிக்கோடு வேற ஒட்டிப் போய் கு, மு, ழ எல்லாத்தோட அடிப்பகுதியையும் தின்னுடுது. கோட்டைக் கொஞ்சம் கீழ இறக்க, பக்கத்தோட தோற்றத்தை அமைக்கிற சிஎஸ்எஸ்-ல ஒரே ஒரு வரி போதும், அதைக்கூடப் போட மாட்டேங்கிறாங்க.

கட்டுரைத் தலைப்புலயே கேள்விக்குறி இருந்தா அது தலைப்போட சொத்து, தாராளமா உள்ள இருக்கட்டும். முழு வாக்கியமே லிங்க்கா இருந்தாலும் கடைசிப் புள்ளியை நான் வெளியதான் வைப்பேன்.

வெறும் முகவரியைப் போடுறவங்க அதுக்குன்னு தனி வரி கொடுங்க. முடியலைன்னா ஒரு இடைவெளி விட்டு "என்ற தளத்தில்"னு எழுதுங்க. போட்டதும் உங்க போன்லயே ஒருதடவை தட்டிப் பாத்துட்டு அப்புறம் ரூம் வாடகையை ஏத்துங்க.