ஊட்டிவிட்ட கதை போதும்

அந்தக் கூட்டத்தின் வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜூலை 30, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தநாள் கூட்டம். சிறப்புப் பேச்சாளர் கால் மணி நேரம் முழங்கினார். அதில் பாதி, எத்தனை வேலை இருந்தாலும் அம்மையார் இரண்டு மகன்களுக்கும் தன் கையால் ஊட்டிவிட்டுத்தான் சட்டசபைக்குக் கிளம்புவார் என்பது. எங்கே படித்தாரோ! முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

1912-இல் மருத்துவப் பட்டம் வாங்கியவர். 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத்தலைவர். கோயில்களில் சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசியாக்குவதை நிறுத்தச் சொல்லி அங்கே நின்று பேசியவர். சத்தியமூர்த்தி மாதிரியான பெரிய தலைகளே எதிர்த்தார்கள். காந்தி கைதானபோது 1930-இல் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார். சட்டம் முழுதாக வர 1947 ஆனது. இதற்கெல்லாம் பேச்சாளர் ஒதுக்கியது ஒரு வாக்கியம், அதிலும் வருடம் தப்பு.

தாய்மையைப் பேசியே தீரவேண்டுமா? சரி, பேசுங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், இளைய மகன் கிருஷ்ணமூர்த்தியைப் புற்றுநோய் மருத்துவத்துக்குத் திருப்பினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியபோது அந்த மகன்தான் கூட நின்றார். போக்கிடம் இல்லாமல் வந்த பெண்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார், அதுதான் அவ்வை இல்லம். அம்மாவாக இருந்ததும் வேலை செய்ததும் அவரிடம் ஒன்றாகத்தான் கிடந்தது. நீங்கள்தான் பிரித்துச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறீர்கள்.

“பெரியவர் நல்ல மனசோடதானே சொன்னார்” என்பீர்கள். இருக்கட்டும். நல்ல மனசுக்காரர்கள் கொஞ்சம் படித்துவிட்டும் வரலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு சுருக்கென்று தைத்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். போன தை மாதம் என் அம்மாவின் படத்திறப்பிலும் இதே பேச்சுத்தான். அம்மா டாக்டர் இல்லை, எட்டாவது வரை படித்தவர். ஒரு ஒயர் கூடை வைத்திருப்பார். உள்ளே மனுத் தாள்கள், கைநாட்டு வைக்க இங்க் பேடு, பசை டப்பா, யார் யாருடையதோ ரேஷன் கார்டு ஜெராக்ஸ். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள் என்பதால் அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது, ஞாயிற்றுக்கிழமைக் குழம்புதான். அரசு தருகிற முதியோர் பணத்துக்காக நடக்க முடியாத கிழவிகளை ஆட்டோவில் ஏற்றித் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போவார். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பிடித்து “பிக்மி நம்பர் வாங்கினியா?” என்று அதட்டுவார். கர்ப்பத்தை அரசிடம் பதிந்து வாங்கும் அந்த நம்பர் இல்லாமல் முத்துலட்சுமி ரெட்டி பேரில் அரசு தரும் மகப்பேறு பணம் வராதே!

படத்திறப்பில் பேசியவர்கள் எல்லோரும் அம்மாவின் கைமணத்தைப் பற்றிப் பேசினார்கள். அம்மாவின் சமையல் சுமார்தான். வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த நான் சொல்கிறேன். ஒயர் கூடையைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. திறந்த ஒரே ஒருவர், உறவுக்காரர்தான், “ஊர் வேலையா அலைஞ்சாலும் பிள்ளைகளை விட்டுடலை” என்றார். அந்த “அலைஞ்சாலும்” இருக்கிறதே, அது இன்னும் எனக்கு ஆறவில்லை. என் அப்பா பஞ்சாயத்து, கட்சி, கோயில் கமிட்டி என்று சுற்றினார். அவர் படத்துக்கு முன்னால் எவரும் “சுற்றினாலும்” என்று சொல்லவில்லை.

இப்போது கீழே கமெண்டில் வந்து “அவங்களும் உங்க அம்மாவும் ஒண்ணா?” என்று ஒருவர் கேட்பார். போன தடவையே கேட்டார்கள். ஒன்றில்லை, ஐயா. ஒன்று என்று நான் எங்கே சொன்னேன்? எட்டாவது படித்த பொம்பளைக்கு ஒரு நினைவுக் கூட்டம் கேட்கவில்லை, சிலை கேட்கவில்லை. செய்த வேலையைச் செய்தார் என்று சொல்லுங்கள் என்கிறேன். அவ்வளவு பெரிய டாக்டரையே நீங்கள் ஊட்டிவிட்ட கதையாகச் சுருக்கும்போது, என் அம்மாவை ரசமாகக் கரைப்பதற்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? “தாய்மையைக் கொச்சைப்படுத்துறீங்க” என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. மேலே எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

அம்மாவின் போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வாரத்துக்கு ரெண்டு மூணு பேராவது கூப்பிடுகிறார்கள். சிம்மை நிறுத்திவிடு என்கிறான் அண்ணன். நிறுத்துகிற உத்தேசம் இல்லை. நேற்றுக்கூட ஒரு பாட்டி, ஏழெட்டு மாதமாகப் பணம் வரவில்லை, வங்கியில் கேட்டால் தாலுகா ஆபீஸ், தாலுகா ஆபீஸில் கேட்டால் வங்கி என்று அலையவிடுகிறார்களாம். இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். “அம்மா ஆன்மா சாந்தியடையட்டும்” என்று போட வருகிறவர்கள் வேண்டாம், போதுமான அளவு வந்துவிட்டது.