எல்லாப் புகையும் நல்லதுக்குத்தானாம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனால் நான் கடன்காரனுக்குப் பயந்தவள் மாதிரி வீட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜன்னல் சாத்தியாச்சு, பால்கனிக் கதவு சாத்தியாச்சு, பாத்ரூம் ஜன்னலுக்கு அட்டை வைத்தாச்சு, வாசல் கதவுக்கு அடியில் ஈரத்துண்டு. ஏனென்றால் அந்த நேரத்தில் இரண்டாம் மாடியில் சாம்பிராணி, முதல் மாடியில் ஊதுபத்தி, எதிர் வீட்டில் கற்பூரம், கீழே வாட்ச்மேன் அண்ணன் முட்டை அட்டையைக் கொளுத்திக் கொசு விரட்டுவார், தெருமுனையில் கொசுப்புகை மெஷின் டுர்ர்ரென்று வந்துகொண்டிருக்கும். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து படிக்கட்டு வழியாக ஏறி மூன்றாம் மாடிக்கு வரும். போன வாரம் துண்டு வைக்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான், ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலில் முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து உட்கார்ந்துகொண்டு நெபுலைசர் மாஸ்க்கை மூஞ்சியில் மாட்டியிருந்தேன். கரண்ட் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், அதுவும் சாமி விளக்கு ஏற்றாமல்.

எனக்கு ஏழு வயதிலிருந்து ஆஸ்துமா. அப்போது வீட்டில் அதை இழுப்பு என்பார்கள், இப்போது எல்லோரும் வீசிங் என்கிறார்கள். சும்மா மூச்சு வாங்குகிறது என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன், மூச்சு உள்ளே போவதுகூட எப்படியோ போய்விடும், வெளியே வருவதுதான் பாடு. ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் மூச்சுக்குழாயில் புகை பட்டதும் சுற்றியுள்ள தசை இறுகி, உள்ளே சளி கோத்து, வழி சுருங்கிப் போகும். பழைய மூச்சு வெளியேறாமல் புது மூச்சுக்கு எங்கே இடம்? நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம், தோளும் கழுத்தும் சேர்ந்து இழுக்கும், ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாது. அந்த நேரத்தில் யாராவது வந்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் பதில் சொல்லக்கூட மூச்சு மிச்சம் இருக்காது.

"ரெண்டு நிமிஷப் புகைதானேம்மா" என்பார்கள். உங்களுக்கு இரண்டு நிமிஷம், எனக்கு இரண்டு ராத்திரி, அதற்கடுத்த நாள் ஆபீஸ் லீவு.

என் எரிச்சல் எங்கே இருக்கிறதென்றால், இந்த ஊரில் கெட்ட எண்ணத்தோடு யாருமே புகை போடுவதில்லை. சிகரெட் பிடிப்பவனையாவது முறைக்கலாம், 2008 அக்டோபர் 2-லிருந்து பொது இடத்தில் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, பஸ் ஸ்டாப்பில் "சார், கொஞ்சம் தள்ளிப் போய்ப் பிடிங்க" என்றால் முணுமுணுத்துக்கொண்டாவது நகர்ந்துவிடுவார். சாம்பிராணியை எப்படி முறைப்பது? அது பக்தி. குப்பை எரிப்பது சுத்தம். கொசுவர்த்தி பாதுகாப்பு. பட்டாசு சந்தோஷம். எல்லாப் புகையும் நல்லதுக்குத்தானாம், அதில் இருமுகிற நான்தான் வீட்டுக்கு ஆகாதவள்.

சாம்பிராணி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பாட்டி காலத்தில் தணலில் ஒரு சிட்டிகை போடுவார்கள், ஓட்டு வீடு, முற்றம், புகை வந்த வழியே போய்விடும். இப்போது கடையில் கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று கப் கப்பாக விற்கிறார்கள் (கம்ப்யூட்டருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை). அதைப் பற்றவைத்து, ஏசிக்காக எல்லாவற்றையும் மூடி வைத்த இரண்டு பெட்ரூம் வீட்டில் மூலைக்கு மூலை காட்டுகிறார்கள். போன மாதம் சொந்தத்தில் ஒரு குழந்தையைப் பார்க்கப் போனேன், பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, தலைக்கு ஊற்றிவிட்டு அந்தப் புகைக்கு மேலே பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அது தும்முகிறது, "பாருங்க, சளி வெளிய வருது" என்று பெரியம்மா பெருமைப்படுகிறார். பெரியம்மா, அது சளி வெளியே வருவதில்லை, அந்தப் பிள்ளைக்குப் பேசத் தெரிந்திருந்தால் உங்களிடம் நான் சொல்வதைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. பச்சைப் பிள்ளை வீட்டில் போய் அபசகுனமாகப் பேசினாள் என்ற பேர் எனக்கு எதற்கு?

திருஷ்டி சுற்றிப் போடுவது இன்னொரு கூத்து. வரமிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போட்டு, நெடி வரவில்லை என்றால் கண் பட்டிருக்கிறது, வந்தால் இல்லை என்று கணக்கு. எனக்கு இந்த நாற்பது வயது வரைக்கும் ஒருதரம்கூடக் கண் பட்டதில்லை. போட்ட மாத்திரத்தில் நெடி ஏறி நான் குலுங்கிக் குலுங்கி இருமுவேன். பாட்டி திருப்தியாக, "யார் கண்ணும் படல" என்பார்.

கொசுவர்த்திக்கு வருவோம். 2003-ல் ஒரு ஆய்வு வந்தது, சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டிலிருந்து வருவதற்குச் சமம் என்று கணக்குப் போட்டார்கள். நம்ம ஊர்ச் சுருள் மட்டும் மல்லிகைப்பூவாக எரியுமா என்ன? குழந்தை முன்னால் சிகரெட் பிடித்தால் மாமனாரைத் திட்டுகிற அதே வீட்டில், ராத்திரி முழுக்கக் குழந்தையின் தொட்டிலுக்கு அடியில் சுருள் புகைகிறது. சரி, கொசு கடித்தால் டெங்கு வரும், தெரியும், நானும் இந்த ஊரில்தான் இருக்கிறேன். அதற்குத்தான் வலை என்று ஒன்று இருக்கிறது. அது மூச்சு முட்டுதாம்! என்னிடம் வந்து ஒருத்தர் அப்படிச் சொன்னார், கொசுவலைக்குள் மூச்சு முட்டுகிறதாம்.

தெருவில் வருகிற கொசுப்புகை மெஷின் கதையும் இதேதான். டீசலில் மருந்தைக் கலந்து சூடாக்கி ஊதுகிறார்கள், பின்னால் பிள்ளைகள் திருவிழாத் தேர் பார்த்த மாதிரி ஓடுகிறார்கள். அந்தப் புகையில் பறக்கிற கொசுதான் சாகும், சாக்கடையிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் நெளிகிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது, நாலு நாளில் அதுவும் றெக்கை முளைத்து வந்துவிடும். தண்ணீர் தேங்காமல் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத வேலை, புகை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். புகை வந்தால் "வேலை நடக்குது" என்று தெருவே திருப்தி அடைகிறது. வருவதற்கு அரைமணி முன்னால் ஒரு குரல் கொடுங்கள் என்று சம்பந்தப்பட்ட இடத்தில் நேரில் போய்க் கேட்டேன். "உங்களுக்கு ஒருத்தருக்காகவாம்மா?" என்றார்கள். எனக்கு ஒருத்தருக்கா? எங்கள் தெருவில் மட்டும் பையில் இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் ஏழு பேர் எனக்குத் தெரியும், சொல்லாமல் மறைத்து வைத்திருப்பவர்கள் எத்தனையோ.

மறைப்பது ஏன் என்று கேட்டால் அது தனிக் கோபம். என் சித்தி மகளைப் பெண் பார்க்க வந்தபோது இன்ஹேலரை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தார்கள். அன்றைக்குப் பார்த்து வீடு நிறைய ஊதுபத்தி. பாவம், அவள் காபி தட்டோடு வந்து நின்றவள் மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தாள், "பொண்ணு ரொம்ப அமைதி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்ஹேலர் எடுத்தால் பழகிவிடும், அது கடைசிக் கட்டத்தில் எடுப்பது, ஸ்டீராய்டு உடம்பைக் கெடுத்துவிடும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஐயா, தினமும் உறிஞ்சுகிற மருந்து மைக்ரோகிராம் கணக்கு, ஒரு பஃபில் 100, 200 என்று இருக்கும், அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. அதற்குப் பயந்து எடுக்காமல் விட்டு, முற்றிப்போய் ஆஸ்பத்திரியில் படுத்தால் மாத்திரையாகவும் ஊசியாகவும் தருவது மில்லிகிராம் கணக்கு. பத்து மில்லிகிராம் மாத்திரை ஒன்று பத்தாயிரம் மைக்ரோகிராம், கூட்டிப் பாருங்கள். அவசரத்துக்கு அடிக்கிற நீல இன்ஹேலரை மட்டும் நம்பி, தினமும் எடுக்க வேண்டியதை விட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் ராத்திரியில் ஆட்டோ தேடுகிறார்கள். நானும் காலேஜ் படிக்கும்போது அப்படித்தான் இருந்தேன், அதனால் இதை மட்டும் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

அறிவுரை தருபவர்களுக்குக் குறைவே இல்லை. ஐதராபாத் போய் உயிர் மீன் விழுங்கு, ஆடாதோடை குடி, பிராணாயாமம் பண்ணு, தயிரை விடு, தலைக்குக் குளிக்காதே. தூதுவளைத் துவையல் எனக்கே பிடிக்கும், சூடான சோற்றில் நெய் விட்டுச் சாப்பிட்டால் தேவாமிர்தம், யார் வேண்டாம் என்றது? ஆனால் இத்தனை சொல்பவர்களில் ஒருத்தராவது "சரிம்மா, நான் அந்த ஊதுபத்தியை உள்ளேயே ஏத்திக்கிறேன்" என்று சொல்லியிருப்பார்களா? நான் என் உடம்பை மாற்றிக்கொள்ள வேண்டுமாம், அவர்கள் தீப்பெட்டியை மாற்ற மாட்டார்களாம்.

பண்டிகையைப் பற்றிப் பேசினாலே சண்டைதான். தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8 என்று நம் மாநிலத்தில் இரண்டு மணி நேரம்தான் அனுமதி. எங்கள் பகுதியில் அந்த நேரம் யாருக்கும் தெரியாது, அல்லது எல்லோருக்கும் கடிகாரம் கெட்டுப்போகிறது. பசுமைப் பட்டாசு என்று பெட்டியைக் காட்டுவார்கள், அதில் புகை 30 சதவீதம் குறைவாம், மிச்சம் எழுபது யார் நெஞ்சுக்கு? போகி இன்னும் மோசம். மார்கழிக் கடைசிக் குளிரில் விடியற்காலைக் காற்று தரையோடு படுத்துக் கிடக்கும், மேலே இருக்கிற காற்று கொஞ்சம் சூடாக மூடி போட்ட மாதிரி நிற்கும், அந்த நேரம் பார்த்து டயரையும் பிளாஸ்டிக் பாயையும் கொளுத்தினால் புகை எங்கே போகும்? 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்கள் தாமதமாயின, சிலவற்றை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். விமானத்தைத் திருப்பிவிடலாம். என்னை எந்த ஊருக்குத் திருப்பிவிடுவார்கள்? நான் வருஷாவருஷம் போகிக்கு முதல்நாளே மதுராந்தகம் பக்கம் அக்கா வீட்டுக்கு ஓடிவிடுகிறேன், அங்கேயும் இப்போது டயர் வந்துவிட்டது.

அப்புறம், நான் இருப்பது பள்ளிக்கரணைப் பக்கம். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது. அப்போது இந்தப் பகுதியே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இருமியது. எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "எப்படிடி நீ டெய்லி இப்படி இருக்க?" என்று முதல்தடவையாகக் கேட்டார். குப்பைமேடு அணைந்தது, அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வீட்டு கம்ப்யூட்டர் சாம்பிராணி பழையபடி எரிந்தது.

இதில் கொரோனாவுக்குப் பிறகு இன்னொரு தொல்லை, இருமினாலே ஜனம் ஒதுங்குகிறது. ஷேர் ஆட்டோவில் முன்னால் தொங்குகிற சென்ட் டப்பா நெடியில் நான் இருமினால் பக்கத்தில் இருப்பவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். அம்மா, இது ஒட்டாது. ஒட்டுவதாக இருந்தால் இந்நேரம் உங்கள் எல்லோருக்கும் கொடுத்திருப்பேன்.

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், டைல்ஸ் அறுக்கிற தூசி, பட்டி தேய்க்கிற மாவு எல்லாம் என் வீட்டுக் கொடியில் துணியாகக் காய்கிறது. தண்ணீர் தெளித்து அறுக்கச் சொன்னேன், இரண்டு நாள் தெளித்தார்கள். அதை எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதிவு ஆகிவிடும், விடுங்கள்.

கடைசியாக வாட்ச்மேன் அண்ணன். அவர் முட்டை அட்டை கொளுத்துவதில்தான் என் படுக்கையறைக்கு நேராகப் புகை வருகிறது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2016-லேயே பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது, அதைக் காட்டிச் சண்டை போடலாம் என்று ஒருநாள் கோபமாகக் கீழே இறங்கினேன். மனுஷன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், சாக்கடை ஓரமாக, கால் இரண்டையும் லுங்கிக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கால் முழுக்கத் தடிப்பு. "என்ன பண்றதும்மா, கொளுத்தலைன்னா உயிரோட தின்னுருதுங்க" என்றார். அவரோடு எப்படிச் சண்டை போடுவது? அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து வேறு யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது, ஆள்தான் கிடைக்கவில்லை.

மறுநாள் ஆள் கிடைத்தார். அசோசியேஷன் மீட்டிங்கில், வாட்ச்மேன் உட்காருகிற இடத்துக்கு வலை அடித்து ஒரு சுவர் ஃபேன் போட்டுவிடலாம், ஃபேன் காசு நானே தருகிறேன் என்றேன். செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நல்ல யோசனைதாம்மா, ஆனா காமன் கரண்ட் பில் ஏறும், மத்த வீட்டுக்காரங்க ஒத்துக்கணும்" என்றார். மூன்று மாதமாக மற்ற வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மீட்டிங் ஆரம்பிக்கும்போது மேஜையில் இருந்த பிள்ளையார் படத்துக்கு இரண்டு ஊதுபத்தி ஏற்றிவைத்தார்கள், அதனால் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் பாதியிலேயே எழுந்து வெளியே வந்துவிட்டேன்.