ஆசியாவின் முதல் வானொலி இலங்கை வானொலியா?

"ஆசியாவிலேயே முதன்முதலில் தொடங்கியது எங்கட இலங்கை வானொலிதான்" என்ற செய்தி யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியல்ல.

கொழும்பில் வழக்கமான ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பர் 16. அதே ஆண்டு மார்ச் 22இலேயே டோக்கியோ தொடங்கிவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால், சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924 ஜூலையிலேயே ஒலிபரப்பியது.

"1923 பரிசோதனையைக் கணக்கெடுங்கோ" என்று சிலர் மல்லுக்கு நிற்கிறார்கள். உண்மைதான்: கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பர் தலைமையில், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் கருவிகளைக் கொண்டு தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் ஒலிபரப்புக் கருவி ஒன்றைச் செய்து இசைத்தட்டுப் பாடல்களை ஒலிபரப்பினார்கள். (முதலிடத்தைவிட இந்தக் கதை எவ்வளவோ சுவையானது!) ஆனால் ஷாங்காயில் 1923 ஜனவரியிலும் பம்பாயில் ஜூனிலும் ஒலிபரப்பு நடந்தாயிற்று.

அதே செய்தியில் இன்னொரு பிழை: 1972இல் நிலையம் "புதிதாகத் தொடங்கியது" என்பது. 1967இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் நாட்டின் பெயர் 'சிலோன்' என்பதிலிருந்து 'ஸ்ரீலங்கா' ஆனபோது அதன் பெயரும் மாறியது, அவ்வளவே.

தென்னாசியாவின் பழைய நிலையங்களுள் ஒன்று என்று பகிருங்கள், யாரும் மறுக்க முடியாது.