ஹெர்பெர்கரைப் பிடிக்குமா என்று கேட்டால்

ஜெர்மன் கால்பந்து அணியின் கோச் செப் ஹெர்பெர்கர் என்றாலே எல்லோரும் நேராக 1954-க்குப் போய்விடுகிறோம். பெர்ன் மைதானம், மழை, ஹங்கேரியை 3-2 என்று சாய்த்த உலகக் கோப்பை இறுதியாட்டம். (முதல் சுற்றில் அதே ஹங்கேரியிடம் 8-3 என்று உதை வாங்கியது தந்திரமா, இல்லையா என்ற பஞ்சாயத்து இன்றைக்கு வேண்டாம்.) எனக்கு உறுத்துவது அவருடைய மிச்ச வாழ்க்கை.

மன்ஹைமின் தொழிலாளர் குடும்பத்துப் பையன். 1921-ல் ஜெர்மனிக்காக முதல் ஆட்டம், ஃபின்லாந்துக்கு எதிராக இரண்டு கோல். ஆனால் மொத்தம் ஆடியதே மூன்று சர்வதேச ஆட்டங்கள்தான். கிளப் மாறக் காசு வாங்கினார் என்று ஆயுள் தடை வேறு போட்டார்கள், அப்புறம் ஒரு வருடமாகக் குறைத்தார்கள். ஆடிக் காசு வாங்குவதே குற்றமாக இருந்த காலம்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹிட்லர் பார்த்துக்கொண்டிருக்க, ஜெர்மனி நார்வேயிடம் 2-0 என்று தோற்றது. கோச் ஓட்டோ நெர்ட்ஸின் நாற்காலி ஆடியது, உதவியாளராக இருந்த ஹெர்பெர்கர் மேலே வந்தார். 1933-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்துவிட்டவர் அவர். பிழைப்புக்காகச் சேர்ந்தார் என்று சொல்வார்கள். எனக்கு அது சமாதானமாகவில்லை.

1937-ல் அவருடைய டீம் பிரெஸ்லாவில் டென்மார்க்கை 8-0 என்று துவைத்தது. அந்த டீமை அப்படியே விட்டிருக்கலாம். அடுத்த வருடம் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும், அந்த ஊர் ஆட்டக்காரர்களையும் பாதிக்குப் பாதி போலக் கலந்து இறக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. வேறு வேறு பாணியில் பழகிய கால்கள். அந்த வருட உலகக் கோப்பையில், பாரிஸில் ஸ்விட்சர்லாந்துடன் 1-1, மறு ஆட்டத்தில் 2-0 என்று முன்னால் இருந்துவிட்டு 4-2 என்று தோற்று, முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினார்கள். உத்தரவை மீறவில்லை மனிதர்.

அதே ஆள்தான் போர்க்காலத்தில், பயிற்சி முகாம், ஆட்டம் என்று ஏதாவது காரணம் சொல்லித் தன் பையன்களைப் போர்முனையிலிருந்து இழுத்துக்கொண்டு வரப் பார்த்தார். அவருக்குத் தன் ஆட்டக்காரர்கள்தான் உலகம். அந்த வட்டத்துக்கு வெளியே நடந்ததைப் பார்க்காமலே இருந்துகொண்டார் என்பதுதான் என் புகார்.

ஆனால் ஒரு விஷயம் என்னைத் தடுக்கிறது. காட்ஃப்ரீட் ஃபுக்ஸ் என்றொரு யூதர். 1912 ஒலிம்பிக்கில் ரஷ்யாவை ஜெர்மனி 16-0 என்று வென்ற ஆட்டத்தில் தனியாகப் பத்து கோல் போட்டவர். ஹெர்பெர்கருக்கு அப்போது 15 வயது, அவருடைய ஆதர்சம் ஃபுக்ஸ்தான். நாஜிகளிடமிருந்து தப்பி ஃபுக்ஸ் கனடாவில் குடியேறிவிட்டார். 1972-ல் மியூனிக்கின் புது ஒலிம்பிக் மைதானத்தில் சோவியத்துடன் முதல் ஆட்டம் என்று முடிவானபோது, ஃபுக்ஸைச் சிறப்பு விருந்தினராக அழையுங்கள் என்று ஜெர்மன் கால்பந்துச் சங்கத்திடம் கேட்டார் ஹெர்பெர்கர். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆன கிழவர்.

செலவாகும், ஒருவரை அழைத்தால் அதுவே வழக்கமாகிவிடும் என்று மார்ச்சில் சங்கம் மறுத்துவிட்டது. ஃபுக்ஸ் பிப்ரவரியிலேயே மான்ட்ரியலில் இறந்துபோயிருந்தார்.