அத்திக் கம்பமும் ஒன்பது ஐந்து வேஷ்டியும்

மேடையில் ஒருவர் சாஸ்திரம் பற்றிப் பேசிய அந்தக் காணொளியை எனக்கு இதுவரை பதினாலு பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். நாற்பது நிமிஷம், முழுசாகப் பார்த்தேன். இனிமேல் யாரும் அனுப்ப வேண்டாம். “சாஸ்திரம் சொன்னால் செய்யணும், ஏன் எதற்கு என்று கேட்கப்படாது, ஜைமினி மகரிஷியே அதைத்தான் சொல்லியிருக்கிறார்” என்று அவர் முழங்கியதையும், முன்வரிசை மாமாக்கள் தலையாட்டியதையும், கேள்வி கேட்ட பெண்ணின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு போனதையும் பார்த்தாயிற்று. வழக்கமாக இதையெல்லாம் கடந்துபோய்விடுகிற ஆள்தான் நான். ஜைமினி பெயரை இழுத்த இடத்தில்தான் முடியவில்லை.

ஜைமினி அப்படிச் சொல்லவே இல்லை. கேள்வி கேட்காதே என்று சொல்ல ஆசையாக இருந்தால் உங்கள் சொந்தப் பொறுப்பில் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஜைமினியின் மீமாம்சா சூத்திரம் வேத வாக்கியங்களுக்குப் பொருள் காண்கிற நூல். அதன் முதல் சூத்திரமே ‘அதாதோ தர்மஜிஜ்ஞாஸா’. இனி தர்மம் என்னவென்று விசாரிப்போம் என்றுதான் ஆரம்பிக்கிறார். மீமாம்சை என்ற சொல்லுக்கே யோசித்துப் பார்க்க ஆசைப்படுவது என்றுதான் அடிப்படை அர்த்தம். அந்த முதல் சூத்திரத்துக்கு உரை எழுதும்போதே, அந்த நூலின் பழைய உரைகாரரான சபரருக்கு ஒரு சிக்கல் வருகிறது. வேதத்தை ஓதி முடித்ததும் ஸ்நானம் செய்துவிட்டு குருவின் வீட்டிலிருந்து கிளம்பு என்று ஒரு வசனம் இருக்கிறது. அப்படிக் கிளம்பிவிட்டால் பொருளை எப்போது விசாரிப்பது? சபரர் என்ன சொல்கிறார் தெரியுமா? இந்த வசனத்தை மீறுவோம், மீறாவிட்டால் அர்த்தமுள்ள வேதத்தை அர்த்தமில்லாததாக ஆக்கிவிடுவோம் என்கிறார். மீறுவோம் என்கிறார் ஐயா. முதல் சூத்திரத்திலேயே. மனப்பாடம் செய்ததோடு வீட்டுக்குப் போகாதே, உட்கார்ந்து கேள், என்று.

அதற்கப்புறம் 12 அத்தியாயம், ஏறக்குறைய 2,700 சூத்திரம், 900-க்கும் மேற்பட்ட அதிகரணங்கள். ஒரு அதிகரணம் என்றால் ஒரு வழக்கு மாதிரி. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வார்கள், சந்தேகத்தைக் கிளப்புவார்கள், எதிர்க்கட்சி பேச வேண்டியதை எதிர்க்கட்சிக்காரனை விட நன்றாகப் பேசுவார்கள் (பூர்வபக்ஷம்), அப்புறம்தான் சித்தாந்தம், அதாவது தீர்ப்பு. சோமரசம் வைக்கும் கோப்பையைத் துடை என்று ஒருமையில் இருக்கிறதே, ஒரு கோப்பையைத் துடைத்தால் போதுமா, எல்லாவற்றையும் துடைக்கணுமா? இதற்கு ஒரு விசாரணை. எல்லாவற்றையும் கொடுத்துவிடு என்கிற விஸ்வஜித் யாகத்தில் அப்பா அம்மாவையும் தானம் கொடுத்துவிடலாமா? கூடாது, அவர்கள் உன் சொத்து இல்லை. சரி, ராஜா யாகம் செய்தால் பூமியைக் கொடுக்கலாமா? அதுவும் கூடாது, பூமி எல்லோருக்கும் பொது. கேள்வி கேட்கக் கூடாது என்று நினைத்த மனிதர்களா இதையெல்லாம் கேட்டு வைத்தார்கள்?

உடனே ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். “வேதம் சரியா தப்பா என்று அவர்கள் கேட்டார்களா? இல்லையே! வேதம் அபௌருஷேயம் என்றுதானே சொன்னார்கள்?” ஆமாம், சொன்னார்கள். யாரும் இயற்றாதது, அதனால் அதில் பிழை இருக்க வழியில்லை என்பதுதான் அவர்கள் நிலை, நான் ஒன்றும் மறைக்கவில்லை. ஆனால் வேதம் என்ன சொல்கிறது என்பதையும், வேதத்தின் பெயரால் ஆசாமிகள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதில்லை. அந்த மேடையில் பேசியவர் வேதம் இல்லை. அவரிடம் கேட்கலாம்.

“நீ சமஸ்கிருதம் முறையாகப் படித்தவளா?” இல்லை. அப்பா படித்தார், அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். அப்பா தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தவர். பதினொரு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், சைக்கிள் கேரியரில் மஞ்சள் பையைச் செருகிக்கொண்டு ஒரு வித்வானிடம் சாபர பாஷ்யம், அதாவது சபரரின் உரை, பாடம் கேட்கப் போனார். யாருக்கும் சொல்லிக் காட்டியதில்லை. வீட்டில் மட்டும் அப்பப்போ வெளியே வரும்.

எனக்கு ஏழெட்டு வயசிருக்கும். அம்மா சர்க்கரைப் பொங்கல் செய்து சுவாமிக்கு வைத்திருந்தாள். நான், “சுவாமி சாப்பிட்டாச்சா? குறையவே இல்லையே?” என்று கேட்டேன். அம்மா, “வண்டு பூவில் தேன் எடுக்கிற மாதிரி சாரத்தை மட்டும் எடுத்துப்பார்” என்றாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, “அது பூர்வபக்ஷம்” என்றார். “நைவேத்தியம் ஆனப்புறம் ருசி மாறிடறதே, அது எப்படியாம்?” என்று அம்மா விடவில்லை. “திறந்து வெச்சா காத்து பட்டு ஆறிப் போகும், ருசி போகும். சபரரே சொல்லிட்டார்.” அன்றைக்கு எங்களுக்கெல்லாம் சுடவைத்த பொங்கல், அப்பாவுக்கு மட்டும் ஆறினது.

அப்பா கதைவிடவில்லை. ஒன்பதாவது அத்தியாயத்தின் ஆரம்பத்தில் இந்த வண்டு உவமையும் இருக்கிறது, காற்றுபட்டு ஆறிப்போகும் என்ற பதிலும் இருக்கிறது. தேவதைக்கு உடம்பு கிடையாது, சாப்பிடுவது கிடையாது, சந்தோஷப்பட்டு வரம் கொடுப்பதும் கிடையாது, பலனைத் தருவது செய்த கர்மமே, அதிலிருந்து பிறக்கும் அபூர்வம் என்கிற கண்ணுக்குத் தெரியாத சக்தி வழியாக, என்பது சபரர் கட்சி. இதை நான் என் பெயரில் எழுதினால் நாஸ்திகப் பட்டம் கிடைக்கும். வாங்கிக்கொள்கிறேன், முதலில் சபரருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மைக்கைப் பிடுங்கினீர்களே, அதுவும் ஜைமினி பெயரால். ‘ஸ்வர்க்கத்தை விரும்புகிறவன் யாகம் செய்க’ என்று ஆண்பாலில் இருப்பதால் பெண்களுக்கு யாகம் செய்யும் அதிகாரம் இல்லை என்று ஐதிசாயனர் என்ற ஆசாரியர் சொன்னார். ஆறாம் அத்தியாயத்தில் அதை எடுத்துவைத்துவிட்டு, பாதராயணர் என்ற இன்னொரு ஆசாரியர் பெயரைச் சொல்லி ஜைமினி மறுக்கிறார். ஸ்வர்க்கத்தை விரும்புவது ஆணுக்கு மட்டும் உரியதா என்ன? பெண்ணுக்குச் சொத்து கிடையாதே, அவளே விலைக்கு வாங்கப்பட்டவள்தானே என்று எதிர்க்கட்சி கேட்கிறது. அது விற்பனை இல்லை, அவளுக்குச் சொத்து உண்டு என்று பதில் வருகிறது. அப்புறம் கணவனோடு சேர்ந்துதான் செய்யணும், சொன்ன சிலதை மட்டும்தான் செய்யணும் என்று குறுக்கவும் செய்கிறார், அது வேறு வருத்தம். இருந்தாலும் அவள் பக்கத்து நியாயம் அந்த ஏட்டில் இருக்கிறது, யாரும் பிடுங்கவில்லை.

இன்னொரு கேள்வி இந்தப் பக்கத்திலிருந்து வரும். “அதே ஆறாம் அத்தியாயம்தானே சூத்திரர்களுக்கு அதிகாரம் இல்லை என்கிறது, அதைக் கொண்டாடுகிறாயா?” கொண்டாடவில்லை. எல்லோருக்கும் அதிகாரம் உண்டு என்று பாதரி என்ற ஆசாரியர் சொன்னதை அங்கேயே எழுதிவைத்துவிட்டு, அங்கேயே தள்ளியும் விடுகிறார்கள். படிக்கும்போது எனக்கு வலிக்கும். அதற்கு மேல் இதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, சொல்லவும் மாட்டேன். இன்றைக்கு நான் பேச வந்தது வேறு.

பேச வந்தது என்னவென்றால், போன வருஷம் அப்பா போனார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. சித்தப்பா பிள்ளைக்குத் தர்ப்பைப் புல் கொடுத்து எனக்குப் பதிலாகக் காரியம் செய்யச் சொன்னோம். நானும் ஒன்றும் சொல்லவில்லை, வழக்கம் அப்படி. காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார் ஒரு பட்டியல் கொடுத்தார். குடம், விசிறி, குடை, எல்லாம் சரி. ஒன்பது ஐந்து வேஷ்டி (ஒன்பது முழ வேஷ்டியும் ஐந்து முழ அங்கவஸ்திரமும்) இரண்டு என்று எழுதி, கீழே வேறு பேனாவில், இன்னும் ஒரு ஜோடி, நல்ல ஜரிகை. இது எதற்கு என்று கேட்டேன். சத்தியமாகச் சண்டைக்குக் கேட்கவில்லை. அப்பா இருந்தால் கேட்டிருப்பார், அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டது. “பொம்மனாட்டிகள் இதிலெல்லாம் கேள்வி கேட்கப்படாது. சாஸ்திரத்துல இருக்கு, வாங்கிடுங்கோ.” கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். அத்தை என் தோளைத் தொட்டு விடுடி என்றாள். விட்டேன். கடைக்குப் போய் நானே வாங்கி வந்தேன். ஜரிகையைத் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

“ஒரு வாத்தியார் அப்படி என்றால் எல்லோருமா?” இல்லை. வருஷாப்திகத்துக்கு, அதாவது முதல் வருஷத் திதிக்கு, வந்தவர் தங்கமானவர். எள் எதற்கு, மோர் எதற்கு என்று கேட்டதற்கெல்லாம் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். அவரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இப்போது இந்த ஜோடி வேஷ்டிக்கு வருகிறேன்.

சோமயாகத்தில் சதஸ் என்கிற கொட்டகையில் அத்திமரக் கம்பம் ஒன்று நடுவார்கள். அதைத் தொட்டுக்கொண்டு உத்காதா என்கிற சாமவேதப் புரோகிதர் சாமம் பாட வேண்டும், இது வேதவாக்கியம். கம்பம் முழுவதையும் துணியால் சுற்ற வேண்டும் என்று ஒரு ஸ்மிருதி வாக்கியமும் இருக்கிறது. ஸ்மிருதி என்றால் வேதம் இல்லை, மனிதர்கள் எழுதிவைத்தது. முழுக்கச் சுற்றிவிட்டால் கம்பத்தை எங்கே தொடுவது? ஆக, அந்த ஸ்மிருதி செல்லாது என்கிறார் சபரர். அதோடு விடவில்லை. அந்த வழக்கம் எங்கிருந்து வந்திருக்கும்? அந்தத் துணியை எடுத்துக்கொள்ள ஆசைப்பட்ட சிலர் பேராசையால் கம்பம் முழுவதையும் சுற்றியிருக்கிறார்கள், அதுதான் இதற்கு மூலம் என்று எழுதுகிறார். குமாரிலருக்கு இது பிடிக்கவில்லை, தந்திரவார்த்திகத்தில் சபரரோடு மல்லுக்கு நிற்கிறார். நிற்கட்டும். உரைக்கு உரை எழுத வந்தவரே மூல உரைகாரரைக் கேள்வி கேட்கிறார், நாற்பது நிமிஷ வீடியோக்காரரைக் கேட்கக்கூடாதாம்.

இதெல்லாம் அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. தபால் ஆபீஸ் நீலப் பேனா, குட்டிக் குட்டி எழுத்து. காரியமெல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் பிரித்துப் பார்த்தேன். அத்திக் கம்பம் வரும் பக்கத்தில் ‘லோபம்’ (பேராசை) என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, ஓரத்தில் எழுதியிருக்கிறார்: ‘சபரர் நம்ம ஆள். துணி விஷயத்தில் ஏமாறமாட்டார்.’

படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை.

சண்டைக்கு வருகிறவர்கள் வாருங்கள். கம்பத்தைப் பற்றி நான் சொன்னது மீமாம்சா சூத்திரம் 1.3.3, 1.3.4. எண் போட்டுக்கொண்டு வாருங்கள்.