பழைய தொடர்களின் நகைச்சுவைக்கு அடிக்குறிப்பு வேண்டுமா?

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும், அவற்றில் வரும் பாடகர்களையும் படங்களையும் அரசியல்வாதிகளையும் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, ஆகவே அந்த நகைச்சுவை காலாவதியாகிவிட்டது என்று யாராவது ஒருவர் தீர்ப்பு சொல்லிவிடுகிறார். இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. காலத்தால் விலகி நிற்கும் பார்வையாளருக்கு இன்று நேர்வது, இடத்தால் விலகி நின்ற நமக்கு முதல் நாளே நேர்ந்துவிட்டது. ஸ்டார் வேர்ல்ட் என்ற ஆங்கிலச் சேனலில் இந்தத் தொடர்களைப் பார்த்து வளர்ந்த எங்களில் பெரும்பாலோருக்கு நியூயார்க்கின் பேஸ்பால் வீரரையும் தெரியாது, அங்கே அந்த மாதம் ஓடிய படத்தையும் தெரியாது. ஆனாலும் சிரித்தோம். எங்கே சிரித்தோம், எங்கே சிரிக்காமல் அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தோம் என்று பிரித்துப் பார்த்தாலே, வெளியுலகத்துப் பெயரையோ படத்தையோ பாட்டையோ வசனத்தில் இழுக்கும் ரெஃபரன்ஸ்களில் எது தாங்கும், எது தாங்காது என்பது பெருமளவு விளங்கிவிடும்.

ஆறு நண்பர்களின் கதையான 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் 1995 அக்டோபரில் ஒளிபரப்பான அத்தியாயம் ஒன்றில், அவர்களில் ஒருவனான ராஸின் பிறந்தநாளுக்கு ஹூட்டி அண்ட் தி புளோஃபிஷ் என்ற இசைக்குழுவின் கச்சேரிக்குப் போகத் திட்டமிடுகிறார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் அந்தக் குழுவினுடையதுதான். எங்களுக்கோ அது வாயில் நுழையாத ஒரு பெயர், அவ்வளவே. ஆனால் அந்த அத்தியாயத்தின் உண்மையான விஷயம் இசை அல்ல, பணம். மோனிகாவின் பதவி உயர்வைக் கொண்டாட ஆறு பேரும் விலை உயர்ந்த உணவகம் ஒன்றுக்குப் போகிறார்கள். கையில் காசில்லாத மூவரும் மெனுவைப் பார்த்து மிரண்டு, ஒருத்தி வெறும் சாலட், இன்னொருத்தி சூப், ஜோயி ஒரு சின்ன பீட்சா என்று அடக்கி வாசிக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் ராஸ் கணக்குப் போட்டு, ஆளுக்கு 28 டாலர் என்கிறான். இன்று மோனிகாவின் நாள், அவள் தரக் கூடாது என்றதும் அதுவே 33.50 டாலராக ஏறுகிறது. முடியவே முடியாது என்று காசில்லாத மூவரில் ஒருத்தியான ஃபீபி மறுக்கும் அந்தக் கணம், அலுவலக நண்பர்களோடு ஹோட்டலுக்குப் போய் ஒரு காபியோடு நிறுத்திக்கொண்ட பிறகும், பில்லைச் சமமாகப் பிரித்துக்கொள்வோம் என்ற குரலைக் கேட்டு உள்ளுக்குள் பதறிய எவருக்கும் புரியும். கச்சேரிக் குழுவின் பெயரை மாற்றி வேறு எந்தப் பெயரை வைத்தாலும் இந்தக் காட்சியில் ஒரு நூலிழையும் குறையாது.

'சைன்ஃபெல்ட்' கதை சற்றுச் சிக்கலானது. கென்னடி கொலை வழக்கைப் பற்றி ஆலிவர் ஸ்டோன் எடுத்த 'ஜேஎஃப்கே' 1991 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டே மாதத்தில், 1992 பிப்ரவரியில், இந்தத் தொடர் அதைக் கேலி செய்துவிட்டது. நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் கீத் ஹெர்னாண்டஸ் தங்கள் மேல் துப்பிவிட்டார் என்று கிரேமரும் நியூமனும் பல வருஷமாகக் குமுறிக்கொண்டிருக்க, அவர்களுடைய அண்டை வீட்டுக்காரரான நாயகன் ஜெர்ரி ஒரு வழக்கறிஞரின் தோரணையோடு அந்த எச்சிலின் பாதையை ஆராய்கிறார். கிரேமரின் நெற்றிப்பொட்டில் பட்ட எச்சில் அங்கிருந்து தெறித்து நியூமனின் விலா எலும்பில் பட்டு, மணிக்கட்டில் மோதி, காற்றில் சற்று நின்று, இடப்பக்கம் திரும்பி அவர் தொடையில் விழுந்ததாக அல்லவா நீங்கள் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்கும்போது, கென்னடியின் மேல் பாய்ந்து, உடன் இருந்தவரையும் பல இடங்களில் காயப்படுத்தியதாகச் சொல்லப்பட்ட அந்த ஒற்றைத் தோட்டாவைப் பற்றி எதுவுமே தெரியாமல் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அற்ப விஷயம் ஒன்றுக்கு நீதிமன்றத்தின் கம்பீரத்தைப் போர்த்திவிட்டால் அதுவே போதும். பின்னாளில் படத்தைப் பார்த்தபோதுதான், நியூமனாக நடித்த வேய்ன் நைட் அந்தப் படத்திலும் நடித்திருக்கிறார், அங்கேயும் தோட்டா விளக்கத்துக்கு அவரையே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அந்த மகிழ்ச்சி தனி, மறுக்க மாட்டேன். ஆனால் அது இரண்டாம் முறை கிடைக்கும் லாபம். முதல் சிரிப்புக்கு அது தேவைப்படவில்லை.

'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர் இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1993இல் வந்த ஒரு அத்தியாயம் முழுவதும் 'கேப் ஃபியர்' என்ற திகில் படத்தைத் தழுவிய பகடி. அதில் சிறுவன் பார்ட்டைக் கொல்லத் துரத்தும் சைட்ஷோ பாப் தரையில் கிடக்கும் குப்பை வாரும் கம்புகளை ஒவ்வொன்றாக மிதித்து, ஒவ்வொன்றும் எழுந்து முகத்தில் அறைவது மூலப் படத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது. நேரத்தை நிரப்பவே அதை இழுத்தார்கள். அதே அத்தியாயத்தின் முடிவில் அவர் பாடுவது 1878இல் அரங்கேறிய 'எச்.எம்.எஸ். பினஃபோர்' என்ற இசை நாடகப் பாடல்களை. நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையதான ஒன்றை நம்பி அவ்வளவு நேரம் ஒதுக்கிய எழுத்தாளர்கள், பார்ப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்க முடியாது. கொலைகாரன் ஒருவன் தன்னை மறந்து பாட்டில் லயித்துப்போகிறான் என்பதே வேடிக்கை.

அப்படியானால் எதுவுமே சாகாதா என்றால், சாகும். பெயரைச் சொன்னாலே போதும், மக்கள் சிரிப்பார்கள் என்று நம்பி எழுதியவை சாகும். 'மர்ஃபி பிரவுன்' 1988 முதல் பத்தாண்டுகள் ஓடி, கேண்டிஸ் பெர்கனுக்கு ஐந்து எம்மி விருதுகளை வாங்கித் தந்த தொடர். அதன் நாயகி மணமாகாமல் குழந்தை பெற்றதை 1992இல் துணை அதிபர் டேன் குவேல் மேடையில் கண்டிக்கும் அளவுக்கு அது அன்றைய அமெரிக்காவின் நடுவில் இருந்தது. வாஷிங்டனின் செய்தி அறையில் நடக்கும் கதை என்பதால் அந்தந்த வாரத்து அரசியல் பெயர்கள் வசனத்தில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். இன்று பார்த்தால், பதிவான சிரிப்பொலி எழும் இடத்தில் நாம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறோம். நன்றாக எழுதப்பட்ட தொடர்தான், நடிப்பிலும் குறையில்லை. ஆனால் பெயருக்குக் கீழே காட்சி என்று ஒன்று இல்லாத இடங்கள் அதில் அதிகம்.

கையில் கூகுள் இருக்கிறதே, தேடிப் பார்த்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு என் பதில், தேடினால் தகவல் கிடைக்கும், சிரிப்பு கிடைக்காது என்பதுதான். 'கில்மோர் கேர்ள்ஸ்' டிவிடிகளோடு, வசனங்களில் வரும் ரெஃபரன்ஸ்களை விளக்கும் சிறு கையேட்டையே கொடுத்தார்கள். எனக்கு அது தேவையற்ற உபசாரமாகப் படுகிறது. தாய் லொரலையும் மகள் ரோரியும் மூச்சுவிடாமல் பழைய படங்களையும் பாடகர்களையும் இழுத்துப் பேசுவது, இருவருக்கும் மட்டுமே உரிய ஒரு நெருக்கத்தைக் காட்டுவதற்காக. எதிரே காபிக் குடுவையோடு நிற்கும் உணவகக்காரர் லூக்கிற்கே அதில் பாதி புரிவதில்லை. புரியாத நாமும் அவர் பக்கத்தில் நின்றுகொள்ளலாம். கதை நமக்கென்று ஒதுக்கிய இடமும் அதுதான்.

நம் வீட்டிலும் இதற்கு ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது. ராம்பாலா இயக்கத்தில் விஜய் டிவியில் வந்த 'லொள்ளு சபா'வை, அது பகடி செய்த படங்களில் பலவற்றைப் பார்த்தே இராத என் அண்ணன் மகன் யூடியூபில் விடாமல் பார்க்கிறான். அதில் நடித்த மனோகர் உடம்பை ஒரு பக்கம் சாய்த்து நடந்து வந்தாலே போதும், எந்தப் படம் என்று கேட்பதற்கு முன்பே சிரித்துவிடுகிறான். நாயகன் நெஞ்சை நிமிர்த்தி வசனம் பேசும்போது பக்கத்தில் நிற்பவர் எல்லோர் மனதிலும் உள்ள சாதாரணக் கேள்வியைக் கேட்டு அதைக் கவிழ்ப்பதும் அவனுக்குப் பிடித்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு படத்தை அவன் அறியாவிட்டாலும் அந்த வகை நாயகனை நன்றாகவே அறிவான். சென்ற தீபாவளிக்கும் அவனைத் திரையில் பார்த்திருக்கிறானே!

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. வானொலி நிலையம் ஒன்றைப் பற்றிய 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' 1978 முதல் 1982 வரை ஒளிபரப்பானபோது, அறிவிப்பாளர்கள் போட்டது அன்றைய நிஜமான ராக் பாடல்களை. 2007இல் முதல் பருவம் டிவிடியாக வந்தபோது, பாடல் உரிமைக்கான செலவுக்கு அஞ்சிப் பல இடங்களில் அவற்றை நீக்கிவிட்டு ஊர் பேர் தெரியாத இசையை நிரப்பினார்கள். 'தி வொண்டர் இயர்ஸ்' 1993இல் முடிந்தும், இதே பாடல் உரிமைச் சிக்கலால் முழுத் தொகுப்பாக டிவிடியில் வர 2014 வரை காத்திருந்தது. பார்ப்பவருக்குப் புரியாத பாடல் என்றால் ஒருநாள் அவரே ஆர்வப்பட்டுத் தேடிக் கேட்டுவிடலாம். பாட்டையே எடுத்துவிட்டால், அங்கே தேடுவதற்கு ஒன்று இருந்தது என்பதே அவருக்குத் தெரியப்போவதில்லை. 'டபிள்யூகேஆர்பி'யை 2014இல் வேறொரு நிறுவனம் மீண்டும் வெளியிட்டபோது பெரும்பாலான பாடல்களைத் திரும்பச் சேர்த்தது; எல்லாவற்றையும் சேர்க்க அதனாலும் முடியவில்லை.